செயற்கைக்கோள் மீன்வள அறிவிப்பு

செயற்கைக்கோள் மீன்வள அறிவிப்பு என்பது கடல் நீரின் நிறத்தையும் மேற்பரப்பு வெப்பத்தையும் விண்ணிலிருந்து அளந்து, மீன் கூடக்கூடிய இடங்களைக் கரையிலுள்ள மீனவர்களுக்குச் சொல்லும் சேவை. இந்தியாவில் இதை வழங்குவது ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், சுருக்கமாக இன்காய்ஸ். விண்வெளி ஆராய்ச்சியால் சாமானியருக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு, டீசல் செலவைக் கணக்குப் பார்த்துக் கடலுக்குக் கிளம்பும் படகுக்காரரைத்தான் முதலில் காட்ட வேண்டும்.

கடலில் மிதக்கும் நுண்தாவரங்களில் பச்சையம் இருக்கிறது. பச்சையம் நீல ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் நுண்தாவரம் மிகுந்த நீர் பச்சை சாய்ந்தும், அது குறைந்த ஆழ்கடல் கருநீலமாகவும் தெரிகிறது. நுண்தாவரத்தை மேய நுண்விலங்குகள் வருகின்றன. இவற்றைத் தேடி மத்தியும் கானாங்கெளுத்தியும், அந்தச் சிறு மீன்களைத் துரத்திச் சூரை போன்ற பெரிய மீன்களும் வந்து சேர்கின்றன. குளிர்ந்த நீரும் வெதுவெதுப்பான நீரும் முட்டும் விளிம்புகளில் இந்த விருந்து அடிக்கடி நடக்கும். நீரின் நிறத்தையும் நீரோட்டத்தையும் வட்டமிடும் பறவைகளையும் பார்த்து வலை விடும் அறிவு நம் கடலோடிகளிடம் தலைமுறை தலைமுறையாக உண்டு. படகில் நிற்பவரின் பார்வை தொடுவானத்தோடு நின்றுவிடும். ஓஷன்சாட்-1 செயற்கைக்கோளோ 720 கிலோமீட்டர் உயரத்திலிருந்து, ஒரே வீச்சில் 1,420 கிலோமீட்டர் அகலக் கடற்பரப்பைப் பார்த்தது.

கடல் நிறத்தை அளப்பதற்கென்றே செய்யப்பட்ட முதல் கருவி, 1978-இல் அமெரிக்கா ஏவிய நிம்பஸ்-7 செயற்கைக்கோளில் பறந்தது. இந்தியாவின் ஓஷன்சாட்-1, 1999 மே 26 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. மூலம் ஏவப்பட்டது. 2009-இல் ஓஷன்சாட்-2 வந்தது. 2022 நவம்பர் 26-இல் ஏவப்பட்ட ஓஷன்சாட்-3, கடல் நிறத்தை 13 அலைவரிசைகளில் பார்ப்பதோடு மேற்பரப்பு வெப்பத்தை அளக்கும் கருவியையும் சேர்த்தே சுமக்கிறது. நிறத்தை ஒரு செயற்கைக்கோளிலும் வெப்பத்தை இன்னொன்றிலும் வெவ்வேறு நேரத்தில் வாங்கி ஒட்டுப்போட்ட வேலையை, ஒரே பார்வையில் முடிக்கும் நோக்கத்தோடு இப்படி அமைத்தார்கள்.

இந்த அளவீடு எளிதல்ல. கருவியை எட்டும் ஒளியில் கடலுக்குள்ளிருந்து வருவது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். மற்றதெல்லாம் காற்றும் தூசியும் சிதறடித்த ஒளி. அதைக் கழித்து எடுத்தால்தான் கடலின் உண்மையான நிறம் கிடைக்கும். வெயில் நீரில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கும் இடங்களைத் தவிர்க்க, கருவியையே 20 பாகை சாய்த்து வைக்கிறார்கள். மேகத்துக்கு மட்டும் மாற்று வழியில்லை. வானம் மூடிக்கிடக்கும் நாட்களில் அறிவிப்பும் வராது.

மீன்பிடித் துறைமுகத்து மின்பலகையில் இந்த உழைப்பெல்லாம் ஒரே வரியாகச் சுருங்கி நிற்கும்: இறங்குதளத்தின் பெயர், எந்தத் திசை, எத்தனை பாகை, கரையிலிருந்து எத்தனை கிலோமீட்டர், அங்கே ஆழம் எத்தனை மீட்டர். படகுக்காரர் அந்த எண்களை ஜி.பி.எஸ். கருவியில் போட்டுக்கொண்டு நேராகப் போகலாம். மீனைத் தேடி அலையும் நேரமும் டீசலும் மிச்சம். இன்ன மீன் கிடைக்கும் என்று பொதுவாக அறிவிப்பு சொல்வதில்லை. சூரைக்கு மட்டும் தனி அறிவிப்பு உண்டு. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நீளும் 61 நாள் தடைக்காலத்தில் அறிவிப்பு நிறுத்தப்படுகிறது. அது மிகச் சரியான ஏற்பாடு. மீன் இருக்குமிடத்தைத் துல்லியமாகச் சொல்லும் கருவி, முட்டையிடும் பருவத்தில் மீனுக்கே பகையாகிவிடக்கூடும்.

கரையில் சொல்லும் செய்தி நடுக்கடலை எட்டுவது தனிப் பாடு. கைப்பேசிச் சமிக்ஞை கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வரைதான் கிடைக்கும். குமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டார ஆழ்கடல் மீனவர்களோ வாரக்கணக்கில் கடலிலேயே தங்குபவர்கள். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் குமரிக்கடலில் வலுத்தபோது, எச்சரிக்கை எட்டாத தொலைவில் ஏராளமான படகுகள் இருந்தன. தமிழ்நாட்டையும் கேரளத்தையும் சேர்ந்த மீனவர்களில் நூற்றுக்கணக்கானோர் கரை திரும்பவில்லை. புயலை மேலிருந்து பார்க்கச் செயற்கைக்கோள்கள் இருந்தன. பார்த்ததைப் படகில் இருப்பவருக்குச் சொல்லும் கருவிதான் இல்லை.

அந்த இழப்புக்குப் பிறகு, 2019 அக்டோபரில் ஜெமினி என்னும் சிறு பெட்டி அறிமுகமானது. விமானங்களுக்கு வழிகாட்ட உருவான ககன் அமைப்பின் செயற்கைக்கோள்கள் வழியாகப் புயல் எச்சரிக்கையையும் மீன்வள அறிவிப்பையும் வாங்கி, புளூடூத் மூலம் மீனவரின் கைப்பேசிக்கு அனுப்பும் பெட்டி அது. ஆனால் அது செய்தியைப் பெறும், பதில் அனுப்பாது. படகிலிருந்து உதவி கேட்பதற்கென இஸ்ரோ உருவாக்கிய ஆபத்து அறிவிப்புக் கருவி 2010 முதல் பயன்பாட்டில் உள்ளது. அதில் பொத்தானை அழுத்தினால், படகு நிற்கும் இடம் செயற்கைக்கோள் வழியாகக் கடலோரக் காவல்படையின் மீட்பு மையத்துக்குப் போய்ச் சேரும்.

இந்திய விண்வெளி முயற்சி பிறந்ததே ஒரு மீனவர் ஊரில்தான் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். காந்த நடுக்கோட்டை ஒட்டிய தும்பாவை விக்ரம் சாராபாய் தேர்ந்தெடுத்தபோது, அவ்வூர் மக்கள் தங்கள் வீடுகளையும் மகதலேனா மரியாள் தேவாலயத்தையும் விட்டுக்கொடுத்தார்கள். 1963 நவம்பர் 21-இல் முதல் ராக்கெட் அங்கிருந்து எழும்பியது. கடலோர மக்களுக்கு நாடு பட்ட கடன் அது.

2024-இல் வந்த ஆபத்து அறிவிப்புக் கருவியின் இரண்டாம் தலைமுறை, பதில் செய்தியையும் படகுக்குக் கொண்டுவருகிறது. உதவி கேட்டு அனுப்பிய குரல் கரையை எட்டியதா என்று கடலில் தவிப்பவர் இப்போது தெரிந்துகொள்ள முடிகிறது.