யால்டா புகைப்படமும் என் ரத்த அழுத்தமும்

பள்ளியில் வரலாறு நடத்திய காலத்தில், ஒவ்வொரு ஆண்டும் பத்தாம் வகுப்புக்கு ஒரு புகைப்படம் காட்டுவேன். 1945 பிப்ரவரியில் யால்டாவில் எடுத்தது. சர்ச்சில், ரூஸ்வெல்ட், ஸ்டாலின் மூவரும் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் இருக்கும் ரூஸ்வெல்ட் கன்னம் ஒட்டி, களைத்துப்போய்த் தெரிவார். உலகப்போரின் முடிவைப் பற்றி மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன். அந்த மனிதருக்கு உடம்புக்கு என்ன என்று ஒருநாளும் யோசித்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் அதைத் தேடிப் படித்தேன். அதற்குக் காரணம் என் உடம்பு.

மூன்று ஆண்டுகளுக்கு முன், மனைவிக்குச் சர்க்கரை பார்க்கக் கூடப் போயிருந்தேன். "சும்மாதானே உட்கார்ந்திருக்கீங்க, நீங்களும் கையை நீட்டுங்க சார்" என்றார் நர்ஸ். 178/106. மறுபடி பார்த்தார், ஏறக்குறைய அதேதான். "ஏம்மா, மெஷின் சரியா இருக்கா?" என்று கேட்டேன். தினமும் நான்கு கிலோமீட்டர் நடப்பவன் நான். மாடி ஏறினாலும் மூச்சு வாங்காது.

"தலைவலி, மயக்கம் ஏதாவது உண்டா?" என்றார் டாக்டர்.

"ஒண்ணுமே இல்லை டாக்டர், நல்லா இருக்கேன்."

"அதான் சார் இதுல கஷ்டமே" என்று சொல்லி மாத்திரை எழுதினார். இன்னும் இரண்டு நாள் பார்த்தபோதும் அழுத்தம் குறையவில்லை. ஆனாலும் அந்தச் சீட்டு மூன்று மாதம் என் பர்ஸிலேயே கிடந்தது.

அந்த நாட்களில்தான் ரூஸ்வெல்ட்டின் கடைசி ஆண்டைப் பற்றிப் படித்தேன். 1944 மார்ச் மாதக் கடைசியில், மகள் அன்னாவின் வற்புறுத்தலால் அவரைப் பெதஸ்டா கடற்படை மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். ஹோவர்ட் ப்ரூயன் என்ற இளம் இதய மருத்துவர் பரிசோதித்தார். ரத்த அழுத்தம் 186/108. இதயம் வீங்கியிருந்தது, அது தளர்ந்து வருவதற்கான அடையாளங்களும் தெரிந்தன. இது திடீரென்று வந்ததும் அல்ல. 1937இலேயே 162/98 என்றும், 1941இல் 188/105 என்றும் பதிவாகியிருந்தது. அவருடைய சொந்த மருத்துவர் அட்மிரல் மெக்கின்டயர், காது மூக்கு தொண்டை நிபுணர். அதிபர் வயதுக்கேற்ற நல்ல நிலையில் இருக்கிறார் என்றுதான் அவர் நாட்டுக்குச் சொல்லிவந்தார். வயதானால் அழுத்தம் ஏறத்தான் செய்யும், அதைக் குறைப்பதே ஆபத்து என்று பெரிய மருத்துவர்கள் பலர் நம்பிய காலம் அது. இன்று இருப்பது போன்ற மாத்திரைகளும் அன்று கிடையாது.

என்னை நிறுத்திய செய்தி வேறு. ப்ரூயன் 1970இல் எழுதிய கட்டுரையில், எதற்காக இத்தனை பரிசோதனை, இது என்ன மருந்து என்று அதிபர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்கிறார். அந்த ஆண்டு நவம்பரில் ரூஸ்வெல்ட் நான்காம் முறையாகத் தேர்தலில் வென்றார். 1945 ஏப்ரல் 12 அன்று வார்ம் ஸ்பிரிங்ஸில், தம்மை ஓவியமாகத் தீட்ட உட்கார்ந்திருந்தபோது, தலை கடுமையாக வலிக்கிறது என்று சொல்லிச் சரிந்தார். அப்போது அழுத்தத்தின் மேல் அளவு 300ஐத் தொட்டிருந்தது. மூளையில் ரத்தக்கசிவு. வயது 63.

மூன்று ஆண்டு கழித்து, 1948 ஜூனில், அதிபர் ட்ரூமன் தேசிய இதயச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதே ஆண்டு பாஸ்டனுக்கு அருகிலுள்ள ஃப்ராமிங்காம் என்ற ஊரில் ஓர் ஆய்வு தொடங்கியது. 30 முதல் 62 வயது வரையிலான 5,209 பேரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதித்து, யாருக்கு இதயநோய் வருகிறது என்று பொறுமையாகக் குறித்துவைத்தார்கள். உயர் ரத்த அழுத்தம் வயதின் இயல்பல்ல, இதயநோய்க்கு முன்னோடி என்பது அங்கேதான் உறுதிப்பட்டது. இன்னொன்றும் தெரிந்தது. அவர்களுக்கு வந்த மாரடைப்புகளில் நான்கில் ஒன்றுக்கு மேல், வந்ததே தெரியாமல் போயிருந்தது. பிறகு எடுத்த இசிஜிதான் காட்டிக்கொடுத்தது.

அப்படியானால் நம் உடம்பைப் பற்றி நாம் நினைப்பதற்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது. கனடாவின் மனிடோபா மாநிலத்தில், உங்கள் உடல்நிலை எப்படி என்று முதியவர்களிடம் கேட்டுவைத்துப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். 1982இல் முடிவு வெளியானது. மிக நன்றாக இருக்கிறேன் என்றவர்களைவிட, மோசம் என்றவர்கள் இறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு. மருத்துவப் பதிவுகளைக் கணக்கில் எடுத்த பிறகும் இந்த வித்தியாசம் நின்றது.

இரண்டையும் சேர்த்து நான் புரிந்துகொண்டது இது: ஏதோ சரியில்லை என்று உடம்பு சொன்னால் அதை நம்ப வேண்டும். நன்றாக இருக்கிறேன் என்று சொன்னால், கருவியையும் ஒருமுறை கேட்டுவிட வேண்டும்.

இதைப் படித்த இரவு என் அண்ணன் நினைவுக்கு வந்தார். கிராமத்தில் நிலம் பார்த்தவர். "எனக்கென்னடா, கல்லு மாதிரி இருக்கேன்" என்பார். அறுபது வயதுவரை ஒரு டாக்டரிடமும் கை நீட்டியதில்லை. ஒரு மாலை, வாய்க்கால் வரப்பில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நல்ல சாவு, படுக்கையில் கிடக்கவில்லை என்று ஊரே சொன்னது. நானும் பன்னிரண்டு ஆண்டுகள் அப்படித்தான் சொல்லிவந்தேன்.

மறுநாள் காலை நடந்துவிட்டு வரும் வழியில், மருந்துக்கடையில் அந்தச் சீட்டை நீட்டினேன். மடிப்பில் கிழிந்திருந்தது. கடைக்காரர் தேதியைப் பார்த்தார். "இது பழசா இருக்கே சார், மறுபடி காட்டிட்டு வந்துடுங்களேன்" என்றார். வீட்டுக்குப் போகாமல் நேரே டாக்டரிடம் போனேன்.