துறையைத் தெரிபவர் யார்?

நோபல் பார்க்கில் எங்கள் பென்சன்காரர் கூடும் இடங்களில் இப்போது அதிகம் பேசப்படுவது உல்லாசக் கப்பல் பயணம். எந்தக் கப்பல், எத்தனையாம் தட்டு, யன்னல் வைத்த அறையா உள்ளறையா, சோறும் மரக்கறியும் கிடைக்குமா என்றெல்லாம் விசாரித்து முடித்த பின்புதான் எங்கே போவது என்று கேட்கிறார்கள். போர்ட் மெல்பேர்ணின் ஸ்டேஷன் பியரில் ஏறினால் தஸ்மேனியாவோ நியூசிலாந்தோ எதுவானாலும் சரி, சாப்பாடு திறமாக இருந்தால் போதும். இதைக் குறைசொல்ல நாங்கள் வரவில்லை. ஆனால் கப்பலையும் துறையையும் ஒருசேரத் தெரிவுசெய்ய எங்களுக்கு எப்போது வாய்த்தது என்பது யோசிக்கவேண்டிய சங்கதி.

ஐம்பதுகளிலும் அறுபதுகளின் பெரும்பகுதியிலும் இதே ஸ்டேஷன் பியருக்கு வந்த பி அண்ட் ஓ, ஓரியன்ட் கம்பனிக் கப்பல்கள் பல, சூயஸ் கால்வாயைத் தாண்டிக் கொழும்பில் தரித்த பின்பே ஃப்ரீமான்டிலுக்குப் புறப்பட்டன. ஹிமாலயா, ஓர்கேட்ஸ், ஒரோன்சே என்ற பெயர்கள் அக்காலக் கொழும்புவாசிகளுக்குப் பரிச்சயமானவை. மேற்கே போகும் கப்பலில் எங்கள் மாணவர் லண்டனுக்கு ஏறினர். கிழக்கே போகும் கப்பலில் குடியேறப் புறப்பட்டவர் பெரும்பாலும் பறங்கியர். தம்மில் ஐரோப்பிய இரத்தமே மிகுதி என்று அவர்கள் காகிதங்களால் நிறுவவேண்டியிருந்தது. தமிழரிடம் அந்தக் காகிதம் இல்லை. கப்பல் ஒன்றுதான், கட்டணமும் ஒன்றுதான், இறங்கும் துறை மட்டும் அடைபட்டிருந்தது. வெள்ளை அவுஸ்திரேலியக் கொள்கையின் மிச்சத்தை விட்லம் அரசு 1973 இல் அகற்றியபோது கப்பல்களின் காலமே முடிந்துகொண்டிருந்தது. 1967 யூனில் மூடிய சூயஸ் 1975 வரை திறக்கவில்லை. கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றின. கொழும்பு அவற்றின் வழியில் இல்லாது போயிற்று. நாங்கள் விமானத்தில் வந்தவர்கள்.

எங்களுக்கு வாய்த்த பயணிக் கப்பல் 'சிதம்பரம்'. 1966 இல் 'பாஸ்தர்' என்ற பெயரோடு தென்னமெரிக்காவுக்கு ஓடத்தொடங்கிய பிரெஞ்சுக் கப்பல் அது. எழுபதுகளின் தொடக்கத்தில் இந்தியக் கப்பற் கழகம் வாங்கிப் பெயரை மாற்றிச் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையில் ஓட்டியது. 1983 யூலைக் கலவரத்தின் பின், கொழும்பு அகதி முகாம்களிலிருந்து தமிழரைக் காங்கேசன்துறைக்குக் கொண்டுபோன கப்பல்களில் அதுவும் ஒன்று. சரக்குக் கப்பலான 'லங்கா கல்யாணி' இன்னொன்று. ஏறியவர் எவரும் எத்தனையாம் தட்டு என்று கேட்கவில்லை. போகுமிடமும் முன்பே தீர்மானிக்கப்பட்டிருந்தது. கொழும்பிலேயே பிறந்து, பள்ளி விடுமுறைக்கு மட்டும் யாழ்ப்பாணத்தைக் கண்ட பிள்ளைகளுக்கும் அதுவே 'ஊர்' என்றாயிற்று. 'சிதம்பரம்' 1985 பெப்ரவரியில் நடுக்கடலில் தீப்பற்றியது, பலர் மாண்டனர். கப்பலும் பின்னர் உடைக்கப்பட்டது.

2009 இல் 'ஓஷியானிக் வைக்கிங்' என்ற அவுஸ்திரேலியச் சுங்கக் கப்பல் கடலில் மீட்ட 78 இலங்கைத் தமிழர், இந்தோனேசியாவின் பிந்தான் தீவருகே மூன்று வாரத்துக்கு மேலாக இறங்க மறுத்திருந்தனர். கப்பல் அல்ல, துறையே விஷயம் என்பதை அவர்களைவிடத் தெளிவாகச் சொன்னவர் இல்லை.

2023 யூன் 16 இல் சென்னையிலிருந்து புறப்பட்ட 'எம்பிரஸ்' என்ற உல்லாசக் கப்பல் காங்கேசன்துறைக்கு வந்தது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை மூன்றும் ஒரே சுற்றில். அந்தச் செய்தி வந்த நாள்முதல் எங்களில் சிலருக்கு ஆசை பிறந்துவிட்டது. அந்தத் துறையைச் சூழ்ந்த வலிகாமம் வடக்கு ஊர்கள் 1990 யூனில் வெறுமையாகி, உயர்பாதுகாப்பு வலயமாயின. பெரும்பகுதி திரும்பக் கிடைத்தாலும் இன்னும் விடுபடாத காணிகள் உண்டு. மயிலிட்டிக்காரர் ஒருவர் அங்கே உல்லாசப் பயணியாக இறங்கினால், சில மணி நேரத்தில் நல்லூரும் கீரிமலையும் பார்த்துக் கப்பலுக்குத் திரும்பவேண்டும். தன் வளவு வேலிக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று விசாரிக்க அந்த நேரம் காணாது.

அதற்கும் முன்னால் ஒரு தடை இருக்கிறது. பாதுகாப்பு விசாவில் இருப்பவர், தப்பிவந்த நாட்டுக்குள் அனுமதியின்றிக் காலடி வைக்கக்கூடாது என்ற நிபந்தனை அந்த விசாவோடு வருவது. ஆகவே தட்டையும் சாப்பாட்டையும் விசாரிக்குமுன் துறைகளின் பட்டியலை வாசிக்கவேண்டும், விசாத் தாளை எடுத்துப் பார்க்கவேண்டும். ஒரே வீட்டில் தாய்க்குக் குடியுரிமையும் மகனுக்குப் பாதுகாப்பு விசாவும் இருந்தால், தாய் காங்கேசன்துறைக்கும் மகன் தஸ்மேனியாவுக்கும் பதியவேண்டிவரும்.