கண்ணாடியில் வாழும் கடல் உயிர்கள்

கடலில் குடை போல விரிந்து மிதக்கும் ஜெல்லி மீனைக் கரையில் எடுத்துப் போட்டால் என்ன ஆகும்? அழகெல்லாம் போய் வெறும் கூழாகக் கிடக்கும். ஸ்பிரிட் ஊற்றிய சீசாவில் போட்டு வைத்தாலும் நிறம் வெளுத்து, உருவம் சுருங்கிவிடும். 19ஆம் நூற்றாண்டு அருங்காட்சியகங்களுக்கு இது பெரிய தலைவலி. புலியைப் பாடம் செய்து வைக்கலாம். எலும்பே இல்லாத உயிரை எப்படி வைப்பது?

இதற்கு விடை தந்தவர் ஒரு கண்ணாடிக் கலைஞர். பெயர் லியோபோல்ட் பிளாஷ்கா. இன்றைய செக் நாட்டின் பொஹீமியா பகுதியில் 1822இல் பிறந்தவர். 1850இல் மனைவி காலராவில் இறந்தார். இரண்டே ஆண்டுகளில் தந்தையும் போய்விட்டார். 1853இல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார் லியோபோல்ட். பாய்மரக் கப்பல் அது. காற்று நின்றுவிட, நடுக்கடலில் சுமார் இரண்டு வாரம் அப்படியே நின்றது. அந்த நாட்களில்தான், இருளில் ஒளிவிடும் கடல் உயிர்களைக் கண்டு சொக்கிப்போனார்!

பத்து ஆண்டுகள் கழித்து, 1863இல், ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர அருங்காட்சியகத்துக்காகக் கடல் சாமந்திகளைக் கண்ணாடியில் செய்தார். புத்தகப் படங்களைப் பார்த்தே செய்தார் என்பது குறிப்பிடத்தக்கது. பின்னர் மகன் ருடால்ஃபும் சேர்ந்துகொண்டார். வீட்டிலேயே கடல்நீர்த் தொட்டி அமைத்து, உயிருள்ளவற்றைப் பார்த்துச் செய்யத் தொடங்கினார்கள். சுடரில் கண்ணாடியை இளக்கி, முடி போன்ற உணர்விழைகளையும் உருவாக்கி, வண்ணம் தீட்டினார்கள். ஜெல்லி மீன், ஆக்டோபஸ், ஓடில்லாக் கடல் நத்தை என சுமார் 10,000 மாதிரிகள் லண்டன், டப்ளின் எனப் பல ஊர்களுக்குப் போயின. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் மட்டும் 500க்கும் மேல் வாங்கியது.

1890இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம், தனக்கு மட்டுமே கண்ணாடிச் செடிகள் செய்து தர ஒப்பந்தம் போட்டது. கடல் உயிர்கள் அத்தோடு நின்றன. 1895இல் தந்தையும் 1939இல் மகனும் மறைந்தார்கள். ருடால்ஃபுக்குப் பிள்ளைகள் இல்லை, சீடரும் இல்லை. மாதிரிகள் பல கிடங்குகளில் தூசி படிந்து உடைந்தன.

பிற்பாடு கார்னெலின் கடல் உயிரியலாளர் ட்ரூ ஹார்வெல், இந்த மாதிரிகளின் உயிருள்ள உறவுகளைத் தேடிக் கடல் கடலாக மூழ்கினார். அந்தத் தேடலை 2016இல் நூலாகவும் எழுதினார். அன்று சாதாரணமாகக் கிடைத்தவற்றில் சில இன்று அரிதாகிவிட்டன.

பாடம் நடத்த வாங்கிய பொம்மைகள், 150 ஆண்டுகளுக்கு முன் கடலில் என்னென்ன இருந்தன என்பதற்குச் சாட்சியாகிவிட்டன. உடைந்த கண்ணாடியை ஒட்டிவிடலாம். கடலில் அழிந்ததை எந்தக் கலைஞரால் மீட்டுத் தர முடியும்?