இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ்: உலர் வகையும் ஈர வகையும்

ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படை கியர்களுக்கு இன்னொன்று என அமைத்து, அடுத்த கியரை முன்பே தயாராக வைத்திருக்கும் தானியங்கிக் கியர்பாக்ஸ் இது. பிரெஞ்சுப் பொறியாளர் அடால்ஃப் கெக்ரெஸ் 1939-இல் இந்த எண்ணத்தை முன்வைத்தார். 1980-களில் போர்ஷே அதைப் பந்தயக் கார்களில் ஓட்டிப் பார்த்தது. 2003-இல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32 வழியாக அது பொதுச்சாலைக்கு வந்தது. அதன் கிளட்ச் தட்டுகள் எண்ணெயில் ஓடின. 2008-இல் அதே நிறுவனம் உலர் கிளட்சுடன் ஏழு கியர் பெட்டியைக் கொண்டுவந்தது. பின்னால் வந்ததாலேயே உலர் வகையை வளர்ச்சி என்று கொள்வது தவறு. எண்ணெயைக் கடைந்து வீணாகும் சக்தியை மிச்சம் பிடிக்க, சூடு தாங்கும் திறனை விட்டுக்கொடுத்த பேரம் அது. ஈரப் பெட்டி 350 நியூட்டன்மீட்டர் முறுக்குவிசை வரை தாங்கியது; உலர் பெட்டிக்கு 250 தான் எல்லை.

எண்ணெயில் மூழ்கிய கிளட்ச் மைசூருக்குப் புதிதல்ல. யாதவகிரியில் 1961 முதல் ஐடியல் ஜாவா ஆலை தயாரித்த ஜாவா 250-இல் கியர் மிதியை அழுத்தினாலே கிளட்ச் தானாக விடுபடும். தட்டுகள் எண்ணெயில்தான் இருந்தன. ஒரே கிளட்ச் கொண்ட மோட்டார் சைக்கிள் இரட்டைக் கிளட்ச் காருக்கு முன்னோடி ஆகாதுதான். ஆனால் நழுவும் தட்டில் பிறக்கும் சூட்டை எது சுமந்து போவது என்ற கேள்வி இரண்டுக்கும் பொது. மைசூரிலிருந்து மசினகுடி வழியே உதகைக்குப் போகும் வழியில், கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து ஏறும் கார், நெடுநேரம் ஹாஃப் கிளட்சிலேயே இருக்கும். ஈர வகையில் ஓடும் எண்ணெய் அந்தச் சூட்டைக் குளிர்விப்பானுக்குக் கொண்டுபோகும். உலர் வகைக்குச் சுற்றியுள்ள இரும்பும் காற்றுமே கதி.

உலர் பெட்டியின் கெட்ட பெயருக்கெல்லாம் சூடே காரணம் என்று சொல்வதும் நியாயமில்லை. 2013-இல் சீனாவில் 3.8 லட்சத்துக்கு மேற்பட்ட ஃபோக்ஸ்வாகன் குழுமக் கார்கள் திரும்பப் பெறப்பட்டது, கிளட்ச் தட்டுக்காக அல்ல, கியரை இயக்கும் மின்னணு-ஹைட்ராலிக் பகுதியின் கோளாறுக்காக. உலர் வகை நெடுஞ்சாலையில் சிக்கனமானது என்பதும் மெய். போலோ ஜிடி டிஎஸ்ஐ 2013-இலும் ஹூண்டாய் வென்யூ 2019-இலும் அதனோடுதான் இந்தியாவுக்கு வந்தன. ஆனால் 2022-இல் டாடா அல்ட்ரோஸுக்கு ஈரக் கிளட்ச் தேர்ந்தெடுக்கப்பட்டதைக் கவனிக்க வேண்டும். அந்த என்ஜினின் முறுக்குவிசை 113 நியூட்டன்மீட்டர்தான். உலர் பெட்டியின் எல்லையில் பாதிகூட இல்லை. விசைக்காக எண்ணெய் தேவைப்படவில்லை; ஊர்ந்து போகும் இந்திய நெரிசலுக்காகவே தேவைப்பட்டது. எண்ணெய் மாற்றும் செலவு ஈர வகைக்கு உண்டு என்பார்கள். உண்டுதான், ஆனால் அது முன்கூட்டியே தெரிந்த செலவு. கருகிய கிளட்ச் அப்படிச் சொல்லிவிட்டு வருவதில்லை.