குற்றவாளிக் கூண்டில் குடும்பம்

உணவு முன்னே இருந்தும் உண்ண மறுத்து, உடல் உருகிச் சாவின் வாசல்வரை செல்லும் நோயொன்று உண்டு. அதற்கு ‘அனொரெக்சியா நேர்வோசா’ என்னும் பெயரை நிலைநாட்டியவர் லண்டன் வைத்தியர் வில்லியம் கல். 1874இல் வெளிவந்த அவரது கட்டுரையில், இந்நோயாளரைப் பராமரிப்பதற்குச் சற்றும் தகாதவர் உறவினரே என்ற கருத்து இடம்பெற்றது. பாரிஸில் ஷார்க்கோ, பெற்றாரிடமிருந்து பிள்ளையைப் பிரித்தலே முதற் சிகிச்சை என்றார். ஆனால், 1873இலேயே அந்நகரின் லாசேக், நோயாளியை மட்டுமன்றி, கெஞ்சியும் மிரட்டியும் தவிக்கும் குடும்பத்தாரையும் சேர்த்தே நோக்க வேண்டுமென எழுதியிருந்தார். அவர் குரல் நெடுங்காலம் எடுபடவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் குடும்பம் வைத்தியரின் அறைக்குள் அழைக்கப்பட்டது. ஆயினும் குற்றவாளியாகவே அழைக்கப்பட்டது. பிலடெல்பியாவில் சல்வடோர் மினூச்சின் குடும்பத்தை ஒன்றாக இருத்தி, உணவுவேளையையே சிகிச்சையாக்கினார். அவரும் துணைவரும் 1978இல் வெளியிட்ட நூலோ, இந்நோய்க்கு உகந்த குடும்ப அமைப்பு ஒன்றுண்டு எனக் கூறியது. ஹில்டே புரூக் தாய்-மகள் உறவிலே நோயின் வேரைத் தேடினார். பிள்ளையை இழக்கும் அச்சத்தோடு வந்த தாய், பழியையும் சுமந்து திரும்பினாள்.

திருப்பம் லண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையிலிருந்து வந்தது. ஜெரால்ட் ரசலும் துணைவரும் 80 நோயாளரை ஆராய்ந்து, 1987இல் முடிவை வெளியிட்டனர். 19 வயதுக்குமுன் நோய்வாய்ப்பட்டு, 3 ஆண்டு கடவாதிருந்தவர்க்குத் தனியாள் சிகிச்சையினும் குடும்பச் சிகிச்சையே நற்பயன் தந்தது. ஏனையோர்க்கு அவ்வாறன்று. இம்முறையில் ‘யார் குற்றம்?’ என்ற வினா ஒதுக்கப்படுகிறது. பெற்றார் உணவுப் பொறுப்பை ஏற்கின்றனர். பிள்ளை தேறத் தேற, அப்பொறுப்பு பிள்ளையிடமே மீள்கிறது. குடும்பமே இந்நோயின் முதற் காரணம் என்னும் கொள்கையை, உணவுக் கோளாறுகளுக்கான சர்வதேச அக்கடமி 2010இல் மறுத்துரைத்தது.

பழி நீங்கியது நன்றே. ஆனால் சுமை யார் தோளில் ஏறியது என்று நாம் கேட்க வேண்டாமா? வேளைதோறும் பிள்ளையருகே அமர்ந்திருக்க ஓய்வு வேண்டும். ஓய்வுக்குக் கூலியோடு கூடிய விடுமுறை வேண்டும். நாட்கூலிக்கு உழைக்கும் தாய்க்கு அவை ஏது? நேற்றுக் குடும்பத்தை விலக்கிய சமூகம், இன்று அனைத்தையும் அதன்மீதே சுமத்திவிட்டுக் கைகழுவுமாயின், அது பழைய தீர்ப்பின் மறுபக்கமே ஆகும். குடும்பம் பிள்ளையைத் தாங்குக. குடும்பத்தைச் சமூகம் தாங்குக.