சட்டம் தருமம் எனக் கொள்வது யாது?

பலர் கூடிப் பொருள் திரட்டி ஈவதெல்லாம் சட்டத்தின்கண் தருமமாகிவிடாது. 1890-ஆம் ஆண்டின் அறக்கொடைச் சட்டம் வறியோர்க்குதவல், கல்வி, மருத்துவம், பொது நன்மை என்னும் நான்கனையும் தரும நோக்கத்துள் அடக்கிற்று. சமய போதனையும் வழிபாடும் மட்டுமே கருதியவற்றை விலக்கிற்று.

ஒரு குலத்தார்க்கே பயன்படும் சங்கம் இதனுள் அமையுமோ? ஆமதாபாத் ராணா சாதிச் சங்கத்தின் வழக்கில், அமையும் என்று 1971-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது; அக்குலத்தாரும் பொதுமக்களுள் ஒரு பகுதியினரே என்பது அதன் கருத்து. ஆயின் 1961-ஆம் ஆண்டின் வருமானவரிச் சட்டம், தான் நடைமுறைக்கு வந்தபின் ஒரு குலத்தார்க்கெனவே தோன்றிய தரும நிலையங்கட்கு, பட்டியலினத்தார், பிற்பட்டோர் முதலியோர்க்குரியவை நீங்கலாக, வரிவிலக்கை மறுத்தது.

ஆதலின் நம் சங்கத்தார் இனி நிறுவும் நிதி எதுவாயினும், அது பிற குலத்து ஏழையர்க்கும் உரியதாதல் வேண்டும். சட்டம் வேண்டுவதும் அறம் வேண்டுவதும் ஈண்டு ஒன்றே என்பது நம் துணிபு.