நகக்கண் காட்டும் நோய்

வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் 1885-ஆம் ஆண்டில் பகாங் மாநிலத்தின் மலைப்பகுதியை ஆராய்ந்தார். அம்மலைநாடு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. 1929-இல் ஜே. ஏ. ரசல் அங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். கோலா தெர்லா போன்ற ஊர்களைத் தன்னகத்தே கொண்ட அம்மலைநாட்டில் தேயிலைத் தொழிலை வளர்த்தவை தமிழர்தம் கைகள். கத்தரியும் இயந்திரமும் வருவதற்கு முன்னர், கட்டைவிரலும் சுட்டுவிரலுமே கொழுந்தைக் கிள்ளின. இலைச்சாறு பட்டுப் பட்டு அவ்விரல்களின் நகங்கள் கறுத்தன. கறையை எல்லாரும் கண்டனர்; கறைக்கு அடியில் நகம் வெளுத்திருந்தால் அதனைக் கண்டவர் யார்? இவ்வினாவுக்கு விடை தேடுவதே ஒரு வரலாறாகும்.

நலமுள்ள நகம் இளஞ்சிவப்பாக இருப்பதற்குக் காரணம் அதன் அடியில் ஓடும் குருதியே. குருதி குன்றினால் நகம் வெளுக்கும். இரும்புச் சத்துக் குறைவு நீடித்தால், நகம் நடுவில் குழிந்து கரண்டி வடிவம் பெறுவதும் உண்டு. சித்த மருத்துவர் இந்நோயைப் பாண்டு என்றும் வெளுப்பு நோய் என்றும் வழங்கினர். அவர்தம் எண்வகைத் தேர்வுகளுள் நிறமும் ஒன்று.

தோட்டத் தொழிலாளரிடையே குருதிக் குறைவுக்குப் பெருங்காரணமாய் இருந்தது கொக்கிப்புழு. இத்தாலிய மருத்துவர் துபினி 1838-இல் அதனைக் கண்டறிந்தார். ஆல்ப்சு மலையைக் குடைந்த தொழிலாளர் வெளிறிச் சோர்ந்தமைக்கு அப்புழுவே காரணம் என்பது 1880-இல் தெளிவாயிற்று. அது உடலுக்குள் எவ்வாறு நுழைகிறது என்பதை எகிப்தில் பணியாற்றிய லூசு என்னும் அறிஞர் தற்செயலாக அறிந்தார். புழுக்குஞ்சுகள் கலந்த நீர் அவர் கையில் சிந்தியது, தோல் அரித்தது, பின்னர் அவரே நோயுற்றார். வெறுங்காலுடன் ஈரமண்ணில் நடப்போரை நோய் பற்றும் வழி இதுவே.

1915 முதல் 1917 வரை டார்லிங், பார்பர், ஹாக்கர் ஆகிய மூவர் அடங்கிய ஆய்வுக்குழு மலாயா, சாவகம், பிஜித் தீவுகளில் இந்நோயை ஆராய்ந்தது. கழிப்பிடமும் காலணியும் மருந்துக்கு நிகரானவை என்பது அக்காலத்து ஆய்வுகள் உணர்த்திய பாடம். ஆயினும் அப்பாடம் பரவும் முன்னர் வெளிறிய தொழிலாளி பெற்ற பட்டம் ‘சோம்பேறி’ என்பதே. அமெரிக்காவின் தென்பகுதியிலும் ஏழையர் இதே பழியைச் சுமந்தனர். குருதியில்லாக் கையிடம் உழைப்பைக் கேட்பது எண்ணெயில்லா விளக்கிடம் ஒளியைக் கேட்பது போன்றதன்றோ?

இனி, பிறர் கையைப் பற்றி நகத்தை உற்று நோக்கும் உரிமை பெற்றவர் யார்? நம் ஊர்களில் அவர் நாவிதர். முடி திருத்தி நகம் களைந்த அவரே புண்ணுக்கு மருந்திட்டார், கட்டியைக் கீறினார். அவர் இல்லத்துப் பெண்களே மகப்பேறு பார்த்த மருத்துவச்சியர். தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களைப் பற்றிய நூலிலும் இச்செய்தி இடம்பெற்றுள்ளது. மருத்துவர் என்னும் பெயரே அம்மக்களுக்கு வழங்கியது. இலண்டன் மாநகரிலும் 1540 முதல் 1745 வரை முடிதிருத்துவோரும் அறுவை மருத்துவரும் ஒரே கழகத்தில் இருந்தனர். பின்னர் ஐரோப்பாவில் அறுவை மருத்துவர் உயர்ந்த மதிப்பைப் பெற்றனர். நம் நாட்டிலோ நாவிதரைச் சாதியின் பெயரால் இழிவுசெய்தோம். அவர் தொழிலோடு இருந்த மருத்துவக் கண்ணையும் இழந்தோம்.

அக்கண்ணுக்கு இன்றும் வேலை இருக்கிறது. நகரங்களில் நகத்தை ஒப்பனை செய்யும் நிலையங்கள் பெருகியுள்ளன. பழைய சாயத்தை நீக்கும் அந்தச் சில நிமிடங்களில், வாடிக்கையாளரின் நகத்தை ஒப்பனைப் பெண் காண்கிறாள். அறுவைக்கு முன்னர் நகச்சாயத்தை நீக்கச் சொல்லும் மருத்துவமனையும் அதே நகத்தையே காண விரும்புகிறது. வெளுப்பு, குழிவு, விரல்நுனி பருத்தல், ஒரே நகத்தில் புதிதாய்த் தோன்றி அகலும் கருங்கோடு ஆகியவை கவனிக்கத்தக்கவை. கருநிறத்தாரின் பல நகங்களில் கோடுகள் இயல்பாகவே தோன்றலாம். ஆதலின் அச்சமூட்டுதல் தகாது. எனினும் புறக்கணித்தலும் தகாது. பாடகர் பாப் மார்லியின் கால்விரல் நகத்தடியில் 1977-இல் கண்டறியப்பட்ட புற்றுநோய், 1981-இல் அவர் உயிரைக் கவர்ந்தது. நோயின் பெயரைச் சொல்வது ஒப்பனையாளரின் வேலையன்று. “இந்த நகத்தை ஒருமுறை டாக்டரிடம் காட்டுங்கள், அக்கா” என்று மெல்லச் சொன்னால் போதும்.

இக்கடமை ஆசிரியர்க்கும் உரியது. காலை அணிவகுப்பில் மாணவர் கைகளை நீட்டச் செய்து நகத்தழுக்கைப் பார்ப்பது தமிழ்ப்பள்ளிகளின் நெடுநாள் வழக்கம். அழுக்கைப் பார்க்கும் கண் வெளுப்பையும் பார்க்கட்டும். வகுப்பில் தூங்கி விழும் பிள்ளையைச் சோம்பேறி என்று கடியும் முன், அப்பிள்ளையின் நகத்தைப் பார்க்கட்டும். தோட்டத்துப் பாட்டனுக்கு இழைத்த அநீதி பள்ளியில் பேரனுக்கும் நேர்தல் ஆகாது.